கடல் என்றொரு கணக்கு

“9.2.2025, ஞாயிறு. காற்று வடகிழக்கு. காலையில் சிறு தூறல். உட்துறைமுகத்தில் இரண்டு கப்பல். ஒன்று கோதுமை, மற்றது என்னவென்று தெரியவில்லை. மகள் கண்டிக்குத் திரும்ப முன் கம்பியூட்டரில் வீட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றை ஏற்றித் தந்தாள். எந்தக் காசும் ஓரிடத்திலிருந்து வந்து ஓரிடத்துக்குப் போக வேண்டுமாம். இரவு இடியப்பம், சொதி. நித்திரை வரவில்லை.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான். நித்திரை ஏன் வரவில்லை என்று அதில் எழுதவில்லை. சந்தோசத்தால்.

நான் கச்சேரியின், அதாவது மாவட்ட அரச செயலகத்தின், பதிவறையில் எழுதுவினைஞர். பழைய கோப்புகளைத் திகதி பார்த்து அடுக்குவது வேலை. வீட்டுக்கு வந்தும் அதையே செய்வதாகக் கணவர் சொல்லுவார். எங்கள் வீடு சற்று மேட்டில் இருப்பதால் குசினி யன்னலால் உட்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டுக்குள் எந்தக் கப்பல் எப்போது வந்து நின்றது, சோளகக் காற்று எந்தத் திகதியில் தொடங்கியது, பின்வளவு மாமரம் எந்தக் கிழமை பூத்தது என்றெல்லாம் பல வருடங்களாகக் குறித்து வருகிறேன். இதுவரை ஒருவரும் அதைக் கேட்டு வந்ததில்லை. வந்தால் கொடுக்க எல்லாம் ஆயத்தமாக இருக்கிறது.

காசை மட்டும் நான் ஒருநாளும் குறித்ததில்லை. மாத முடிவில் நானும் கணவரும் மேசையின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு “எங்க போனது?” என்று மாறிமாறிக் கேட்போம். விடுமுறைக்கு வந்திருந்த மகள் அந்தக் கேள்வியை ஒரு பின்னேரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “இனி நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேக்க வேண்டாம். இதைக் கேளுங்க.”

அவள் காட்டித் தந்தது மிகவும் எளிமையானது. ஒரு கிலோ சீனி வாங்கினால் கையிலுள்ள காசு குறைகிறது, பலசரக்குச் செலவு கூடுகிறது. இரண்டையும் எழுத வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் போக மென்பொருள் விடாது. நான் வேண்டுமென்றே ஒருதடவை ஒரு பக்கத்தை மட்டும் எழுதிப் பார்த்தேன். உடனே ஒரு சிறிய பெட்டி திரையில் எழும்பி நின்று, மிச்சத்தை எங்கே போடுகிறாய் என்று கேட்டது. பாதி சொல்லிவிட்டு நழுவ விடாத ஒன்றை என் வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் கண்டேன். கச்சேரியில் அப்படி யாரும் இல்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் நான் ஒரு மாதிரித்தான் திரிந்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று தோன்றும். அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே இருந்த காசுக்கு ‘அலுமாரி’ என்று ஒரு கணக்கு. வங்கிக்கு ஒன்று. கணவரின் சேட்டுப் பொக்கெட்டுக்கு ஒன்று. எதற்கென்று தெரியாத காசெல்லாம் போய் விழுவதற்கு மென்பொருளே ஒரு கணக்கை வைத்திருந்தது. அதற்கு நான் ‘எங்கேயோ’ என்று பெயர் வைத்தேன். முதல் வாரத்தில் எங்கள் வீட்டின் மிகப் பெரிய செலவு எங்கேயோதான். அரிசியும் மின்சாரமும் அதற்குக் கிட்ட வரவில்லை.

ஆகவே ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்குக் கணவர் வேலையால் வந்ததும் பொக்கெட்டிலுள்ளதை மேசையில் வைக்கவேண்டும் என்று ஒரு ஒழுங்கு வந்தது. அவர் துறைமுகத்துக்கு அந்தப் பக்கத்து ஆலையொன்றில் மின்வேலை செய்பவர். ஆலை பஸ்ஸில் போய் ஆலை பஸ்ஸில் வருபவர்.

“கஸ்டம்ஸில பிடிபட்ட ஆள் மாதிரிக் கிடக்கு,” என்றார்.

“தேத்தண்ணிக்கு எவ்வளவு குடுத்தனீங்க?”

“தேத்தண்ணியும் எழுதோணுமா?”

“வடையும் சாப்பிட்டிருந்தா அதையும்.”

அவர் விரலில் எண்ணிப் பார்த்து, “ரெண்டு வடை,” என்றார். எங்கேயோ கணக்கு அன்றைக்கு முதல்தரம் குறைந்தது. நான் எழும்பிக் குசினிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இருந்தேன்.

போட் வாங்குகிற கதை வந்தது பெப்ரவரி கடைசியில்.

கணவருடன் ஆலையில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் குறிஞ்சாக்கேணிக்காரர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர் நானாதான். அவர் என்னைத் தங்கச்சி என்பார். இருவருக்கும் மீன்பிடிப் பைத்தியம். வேலையில்லாத நேரமெல்லாம் கணவர் மோட்டார் சைக்கிளில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு உட்துறைமுகக் கல்லணைக்குப் போய் நிற்பார். அந்த மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டில் மீன்பிடிக்க மட்டுமே ஓடியது. அன்று நானா வந்து கதிரையின் நுனியில் இருந்து சொன்ன விசயம் இது: கட்டைபறிச்சான் பக்கம் ஒருவர் சிறிய பைபர் போட் ஒன்றை என்ஜினோடு விற்கப் போகிறார், மே முடியும் வரை பொறுப்பார், ஆளுக்கு அரைப் பங்கு.

கணவர் என்னைப் பார்த்தார். கலியாணமான காலத்திலிருந்து அவர் ஒரு போட்டைப் பற்றிக் கதைத்து வந்திருக்கிறார். கல்லில் நின்று வீசுகிறவனுக்கும் கடலில் இருந்து இறக்குகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறார். அரைப் பங்குக்கான காசு வங்கியில் நிலையான வைப்பில் இருந்தது. ஆகவே காசு இல்லை என்று சொல்ல ஏலாது. எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

“மீன் வாங்குற செலவு மிச்சம்,” என்றார் கணவர். “இப்பவும் நான் பிடிக்கிறதிலதானே பாதி நாள் கறி.”

“பிடிக்கிறதுக்கு நீங்க செலவழிக்கிறது?”

“அது என்ன பெரிய செலவு?”

இந்தக் கேள்விக்கு முன்பென்றால் ஒரு கிழமைச் சண்டை இருந்திருக்கும். இப்போது என்னிடம் மென்பொருள் இருந்தது. நான் அதைத் திறந்துவைத்தேன். மார்ச் முதலாம் திகதியிலிருந்து மே கடைசி வரை அவர் பிடிக்கிற மீன் எல்லாவற்றையும் அன்றைய சந்தை விலைக்கு வரவில் போடுவது. தூண்டில் சாமான், இரை, பெற்றோல் எல்லாவற்றையும் செலவில் போடுவது. லாபம் வந்தால் போட். நட்டம் வந்தால் இல்லை. நானா சாட்சி.

“கடல் அமைதியான காலம்,” என்றார் கணவர் திருப்தியோடு. “மார்கழியில வச்சிருந்தாத்தான் அநியாயம்.”

முதல் மீன் வந்தபோதே சிக்கல் வந்துவிட்டது. மூன்று விளைமீன். அவை குசினிக்குப் போகின்றன, சரி. எங்கிருந்து வருகின்றன? காசு கொடுக்கவில்லை, சம்பளமும் இல்லை, திரையில் அந்தப் பெட்டி எழும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. மகளுக்குப் போன் எடுத்தேன்.

“கடல் எண்டு ஒரு கணக்குத் திறக்கலாமா?”

“அது உங்கட கணக்கு அம்மா. நீங்க சந்திரன் எண்டும் திறக்கலாம்.”

வரவுப் பகுதியில், என் சம்பளத்துக்கும் அவருடைய சம்பளத்துக்கும் கீழே, ‘கடல்’ என்று தட்டச்சு செய்தேன். இத்தனை வருடமாக யன்னலால் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று எங்கள் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிற மூன்றாவது ஆளாகிவிட்டது. அன்று சோறு கொஞ்சம் அடிப்பிடித்தது. ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

விலைக்கு மீன்காரத் தம்பியை வைத்துக்கொண்டோம். காலையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன் போட்ட ரெஜிபோம் பெட்டி கட்டி ஹோன் அடித்துக்கொண்டு வருவார். நான் கேற்றடிக்குப் போய் விலை கேட்டு எழுதுவேன். வாங்கமாட்டேன்.

“அக்கா, நீங்க விலைக் கட்டுப்பாட்டுக் கந்தோருக்கு மாறிப் போயிட்டீங்களோ?” என்று கேட்டார் ஒருநாள்.

நான் பதில் சொல்ல முன் எனக்குப் பின்னாலிருந்து கணவர் கேட்டார்: “தம்பி, விளைமீன் அவ்வளவுதானா? வடிவா யோசிச்சுச் சொல்லும்.”

“உங்களுக்கெண்டா குறைச்சுத் தாறன் அண்ணன்.”

“குறைக்க வேண்டாம். கூட்டும்.”

தம்பி ஹோனிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விலை எழுதுகிற குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும்தான். அந்த வருடம் பார்த்துக் கடல் வெள்ளிக்கிழமைகளில்தான் கையை விரித்துக் கொடுத்தது. மீனைக் கழுவிக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் வைத்துவிட்டு ‘இருப்பு’ என்று பதிந்தேன்.

“அதென்ன இருப்பு?”

“இண்டைக்கு வரவு. நாளைக்குச் சட்டிக்குள்ள போகேக்கதான் செலவு.”

“செத்த பிறகும் உம்மட்ட இருந்து தப்பேலாது போல,” என்றார் மீனைப் பார்த்து.

சித்திரை வருடப்பிறப்பன்று அவர் எனக்கு வெற்றிலையில் காசு வைத்துக் கைவிசேஷம் தந்தார். நானும் அவருக்குக் கொடுத்தேன். ஒரே தாள், ஒரே தொகை. பொக்கெட்டிலிருந்து அலுமாரிக்கு, அலுமாரியிலிருந்து பொக்கெட்டுக்கு. பதிந்து முடிய ஒன்றுமே நடக்காத மாதிரி மீதிகள் நின்றன. அதைப் பார்க்க எனக்கு வந்த சிரிப்பு, அன்றைக்குப் பொங்கின பொங்கல் ஆறும் வரைக்கும் நிற்கவில்லை.

ஆனால் மீன்பிடி நன்றாகப் போகவில்லை. தங்கூசி நூல் அடிக்கடி கல்லில் சிக்கி அறுந்தது. இறால் இரை, நாங்கள் சாப்பிடுகிற இறாலை விட விலை. ஜப்பானில் செய்த போலி மீன் ஒன்றை வாங்கி, முதல்நாளே உண்மையான மீன் ஒன்றுக்குப் பறிகொடுத்தார். ஏப்ரல் கடைசியில் மீன்பிடிப் பகுதியின் அடித்தொகை சிவப்பாக நின்றது. அதை அவருக்குக் காட்டினேன். கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு எழும்பிப்போய்த் தூண்டில் பெட்டியைத் திறந்து, மூடி, திரும்பவும் திறந்தார்.

அன்றைக்கு நாட்குறிப்பில் “மனம் சரியில்லை” என்று எழுதினேன். யாருடைய மனம் என்று எழுதவில்லை. சோதனை வைத்தவள் நான்தான். ஆனால் அவர் வெல்லவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

மே பிறந்ததும் எல்லாம் மாறிப்போயிற்று. மீன் வரத் தொடங்கியது. இன்றைக்குக் கலவாய், நாளைக்குப் பாரை, அடுத்த நாள் பை நிறைய ஓரா. கல்லணையை விட்டுவிட்டுக் கிண்ணியாப் பாலத்தடிக்குப் போகிறாராம். அங்கே நல்லாய்ப் படுகிறதாம். தூரம் என்பதால் பெற்றோலுக்குக் கொஞ்சம் கூட வேண்டும். கேட்கிற நேரமெல்லாம் நான் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மென்பொருளில் ஒரு பொத்தானை அமத்தினால் ஒவ்வொரு கணக்கும் பச்சைத் தூண்களாக எழும்பி நிற்கும். கடல் தூண் என் சம்பளத்தின் தோள் வரைக்கும் வந்துவிட்டது. கச்சேரியில் பக்கத்து மேசைக்காரிக்கும் அதைப் போனில் படமெடுத்துக் காட்டினேன். அவ பார்த்துவிட்டு, “உங்கட வீட்டில கடலும் உத்தியோகமா?” என்று கேட்டா.

ஒரு விசயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. தூண் உயர உயர, அடியில் இருந்த சிவப்புத் தொகை அசையவில்லை. எவ்வளவு மீன் வந்தாலும் ஏப்ரல் கடைசியில் நின்ற அதே இடத்துக்குக் கிட்டவே நின்றது. மென்பொருள் பழுதாகிவிட்டது என்று பயந்து ஞாயிற்றுக்கிழமை காலை மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் தூரத்திலிருந்தே என் திரையைத் தன் திரையில் பார்க்கக்கூடியவள். ஒவ்வொரு கணக்காகத் திறந்து பார்த்தாள்.

“இதில பிழை இல்லை அம்மா. கடல் எவ்வளவு தருதோ, பெற்றோல் அவ்வளவு எடுக்குது. அப்பா மோட்டார் சைக்கிளுக்கு மீனையா ஊத்துறார்?”

நான் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவர் கொண்டுவந்த பையைக் குசினியில் கவிழ்த்தேன். சூடை. விரல் நீளச் சூடை மீன், ஒரு கிலோ இருக்கும், பனிக்கட்டி போல் குளிர்ந்துபோய். எங்கள் பக்கத்தில் சூடை வலையில் படுகிற மீன். அதைத் தூண்டிலில் ஒவ்வொன்றாக இழுத்து ஒரு கிலோ சேர்ப்பதென்றால் அந்த மனிசன் வேறு வேலையில்லாத ஓய்வூதியக்காரனாக இருக்கவேண்டும். முன்பு வந்த ஓராக்களின் வாயையும் நினைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் கொழுக்கி பட்ட காயம் இருக்கவில்லை.

“நல்ல மீன்,” என்றேன்.

“கூட்டமா வந்தது,” என்றார் அவர், வாசலில் செருப்பைக் கழற்றியபடி, தலை நிமிராமல்.

விசயம் இப்போது கண்ணாடி மாதிரி இருந்தது. பெற்றோலுக்கு என்று என்னிடம் வாங்கின காசில் மீன் வாங்கி, அதைக் கடலிலிருந்து வந்ததாகக் கொண்டுவந்திருக்கிறார். ஆனால் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் முழுவதும் மீன்பிடிச் செலவில்தானே விழுகிறது. ஒரு பக்கத்தால் ஏற்றுகிறதை மறுபக்கத்தால் தானே இறக்கிக்கொண்டிருந்தார். மே மாதம் முழுக்க ஓடி ஓடிச் செய்த கள்ளத்துக்கு ஒரு ரூபா பலன் இல்லை. இவ்வளவு நேர்மையாக முடிந்த மோசடியை நான் எங்கேயும் வாசித்ததில்லை. சூடையை அலசிக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயை நன்றாகத் திறந்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பதிந்தேன்: கடலிலிருந்து, சூடை, ஒரு கிலோ.

மே 31, சனி. நானா வந்தார். கையில் ஒரு சட்டி எருமைத் தயிர். சட்டியை மேசையில் வைத்துவிட்டு, “இதை எங்க பதியப் போறீங்க தங்கச்சி?” என்றார்.

“பொறுங்க நானா. முதல்ல தீர்ப்பு.”

“சொல்லுங்க. உங்கட ஆள் மெசேஜ் போட்டுப் போட்டு என்ர போன் சூடாகிப்போச்சு. போட்காரனும் நாளைக்குப் பதில் கேக்கிறான்.”

கணவர் சேட்டு மாற்றியிருந்தார். நான் வாசித்தேன். கடலிலிருந்து வந்தது இவ்வளவு, தூண்டில் சாமான், இரை, பெற்றோல் இவ்வளவு, நட்டம்.

“எவ்வளவு?” என்றார் கணவர்.

“ஏப்ரல் முடிய எவ்வளவோ, அவ்வளவுதான்.”

“அதெப்படி? மே மாசம் முழுக்க மீன்.”

“ஓம். மே மாசம் முழுக்கப் பெற்றோலும்.”

நானா கணவர் பக்கம் திரும்பினார். “மச்சான், அது மோட்டார் சைக்கிளா, லொறியா?”

“பாலத்தடி தூரம்தானே.”

“எந்தப் பாலத்தடி? என்னோட நீ வந்தது ரெண்டே ரெண்டு நாள். ரெண்டு நாளும் வெறுங்கையோட போனாய்.”

நான் மெதுவாகக் கேட்டேன்: “சூடைக்கு எந்தத் தூண்டில் போட்டனீங்க?”

“சூடையா?” நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “மச்சான். சூடையையா கொண்டுவந்து குடுத்தாய்?”

கணவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்: “அண்டைக்கு அந்தத் தம்பியிட பெட்டியில வேற ஒண்டும் இருக்கேல்ல.”

நானா சிரித்த சிரிப்பில் கதிரை பின்னால் போனது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் ஏற்றினதும் இறக்கினதும் எப்படிச் சமமாய் நின்றது என்பதைத் திரையில் காட்டினேன். கணவர் அதைக் கவனமாகப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது சீக்கிரம் முடிந்துவிட்டது.

“சரி,” என்றார். “நட்டம் நட்டம்தான். மச்சான், நாளைக்கு அந்த ஆளிட்ட வேண்டாமெண்டு சொல்லிவிடு.”

தூண்டில் பெட்டி மூலையில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நானும் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

நானா சும்மா இருக்க மாட்டாதவர். கம்பியூட்டர் எலியைப் பிடித்துத் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார். “தங்கச்சி, இந்தக் ‘கல்வி’ எண்டது மகளிட செலவா?”

“இல்லை நானா. மகளுக்கு வேற கணக்கு,” என்றேன், யோசிக்காமல்.

“அப்ப இதில யார் படிக்கிறது?”

கணவர் மின்விசிறியை மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

கல்வியைத் திறந்தேன். கொழும்பிலிருந்து வந்த புத்தகங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புத்தகங்கள். சென்னையிலிருந்து வந்த ஒன்று. அதன் தபால் செலவு புத்தகத்தை விடக் கூட. எல்லாம் எனக்கு வந்தவை. கூட்டுத்தொகை மீன்பிடி நட்டத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருந்தது. சேர்க்கத் தேவையில்லாமல் மென்பொருளே சேர்த்து வைத்திருந்தது.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று கணவரைக் கேட்டேன்.

“பெப்ரவரியிலேயே கண்டனான்.”

“ஏன் சொல்லேல்ல?”

“புத்தகம் வாற நாளில நீர் என்ர பொக்கெட்டைப் பாக்கிறேல்ல,” என்றார். “அந்த ஒரு நாளாவது மனிசனுக்கு வேணும்தானே.”

எனக்கு முகம் சூடாகியது. பிறகு, ஏனென்று சொல்ல ஏலாது, தலைக்குள் ஒரு யன்னல் திறந்த மாதிரி இருந்தது. மென்பொருளில் ஒரு கணக்கைத் தூக்கி இன்னொன்றுக்குக் கீழே வைக்கலாம். ‘மனசுக்கு’ என்று ஒரு தலைப்பைத் திறந்தேன். கல்வி என்ற பெயரை அழித்துப் ‘புத்தகம்’ என்று எழுதி அதைத் தலைப்புக்குக் கீழே வைத்தேன். மீன்பிடியின் செலவுகளையெல்லாம் இழுத்துக்கொண்டுவந்து புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் மாதிரி இருந்தன.

“லாபம் வருமெண்டு போட் வாங்கேலாது,” என்றேன். “வராது. நட்டமெண்டு தெரிஞ்சுதான் வாங்கலாம். என்ர புத்தகம் மாதிரி.”

“அப்ப?” என்றார் நானா.

“நாளைக்கு ஓமெண்டு சொல்லுங்க.”

கணவர் எழும்பிக் குசினிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் மூன்று கரண்டி இருந்தது. கோப்பை கொண்டுவர மறந்துவிட்டார். மூன்று பேரும் சட்டியிலேயே தயிரைச் சாப்பிட்டோம். அதை நான் எங்கேயும் பதியவில்லை.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். வாங்கின மீனெல்லாம் வாங்கின மீனாகத் திருத்தப்பட வேண்டும். மறுநாள் பின்னேரம் இருவரும் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தோம். நான் திகதியைச் சொல்லச் சொல்ல அவர் தீர்ப்புச் சொன்னார்.

“ஓரா, மே 6.”

“பெட்டி.”

“கலவாய், மே 11.”

“பெட்டி. அண்டைக்கு நல்ல விலை குடுத்தனான்.”

“விளைமீன், மே 15.”

“அது நான். அதில கைவையாதையும்.”

ஒவ்வொன்றாகக் கடலிலிருந்து கழித்தேன். அதே தொகையைப் பெற்றோலிலிருந்தும் கழித்தேன். கடல் தூண் என் சம்பளத்தின் தோளிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. சிவப்புத் தொகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இவ்வளவு பொய்யையும் எடுத்தபிறகும் விடை மாறாததைப் பார்த்து நான் கைதட்டினேன். கணவரும் தட்டினார். எதற்கென்று அவருக்கு முழுக்க விளங்கியதோ தெரியாது.

ஜூன் நடுவில் போட் வந்தது. சொத்துப் பகுதியில் ‘போட், அரைப் பங்கு’ என்று பதிந்தேன். எந்த அரை என்று மகள் கேட்டாள். என்ஜின் இருக்கிற அரையா, இல்லாத அரையா என்று. முதல் ஓட்டத்துக்கு என்னையும் ஏற்றினார்கள். சோளகம் ஓய்ந்து கிடந்த காலை. உட்துறைமுகத்தின் நடுவுக்குப் போனதும் நான் திரும்பி மேட்டைப் பார்த்து எங்கள் குசினி யன்னலைத் தேடினேன். ஒரு நகத்தளவு தெரிந்தது. இத்தனை வருடம் அதற்குள்ளால் நான் பார்த்த துண்டு, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் முடிவில்லாமல் நீண்டு கிடந்தது. நான் ஏதோ சொன்னேன். என்ஜின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. நல்லது. அது வாக்கியமாக இருந்திருக்காது.

அன்றைக்கு மூன்று பேரும் சேர்ந்து பிடித்தது ஒரு சிறிய விளைமீன். நானா அதைத் தன் கையில் வைத்து அளந்து, “அரைப் பங்கு எண்டா தலையா, வாலா தங்கச்சி?” என்று கேட்டார். வாலைப் பதிந்தேன்.

கணக்கு இப்போது சுத்தமாக இருக்கிறது. எங்கேயோ கணக்கில் அநேகமாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. சரிபார்த்த பிறகு அதில் அடையாளம் இடவேண்டும். பெப்ரவரியிலிருந்து எல்லாக் கட்டத்திலும் இட்டுவிட்டேன், ஒன்றைத் தவிர.

அது மே 24ஆம் திகதி வந்த பாரை. அந்த மூன்று மாதத்திலும் வந்த மீன்களில் பெரியது அதுதான். வால் தாச்சியில் அடங்காமல் வெளியே நின்றது. அதைப் பெட்டி என்று ஒத்துக்கொள்ளக் கணவர் மறுக்கிறார். கல்லணையில், தனியாக நிற்கும்போது, தானே இழுத்ததாகச் சொல்கிறார். நானாவுக்கு அன்று வேலை. ஆகவே சாட்சி இல்லை. வாயில் கொழுக்கிக் காயம் இருந்தது, நானே கண்டேன். ஆனால் ஆழ்கடலில் தூண்டில் போட்டுப் பிடித்து விற்கிற பாரையிலும் அது இருக்கும். அன்றைக்கு அவர் என்னிடம் பெற்றோல் காசு கேட்கவில்லை. பொக்கெட்டில் மட்டும் ஒரு சிறு தொகை குறைந்து ‘எங்கேயோ’ கணக்குக்குப் போயிருக்கிறது. அந்தளவு பெரிய பாரையை வாங்க அந்தக் காசு காணாது. தெரிந்த ஆளென்று குறைத்துக் கொடுத்திருந்தால் காணும். மீன்காரத் தம்பியிடம் கேட்டேன். “அண்ணன் என்ன சொன்னவர்?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு ஹோன் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

24.5.2025, சனி. பாரை, ஒன்று. கடலிலிருந்தா பெட்டியிலிருந்தா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.